தொழுநோய்க் கிருமியின் மரபணுவைப் பார்த்து நோய் யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா?

தறிக்காரன்

வணக்கம். நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே, ஆந்திரப் பக்கம் இருக்கும் ஒரு ஊரில் நான்கு விசைத்தறி வைத்துப் பிழைப்பவன் நான். வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசுகிற ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியின் முதுகில் தேமல் போன்ற வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. பள்ளிக்கு வந்த சுகாதாரக் குழுவினர் அந்த இடத்தில் தொடுவுணர்ச்சி இல்லை என்று கண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். தொழுநோய்தான் என்று உறுதியாகி, மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. ஆறு மாதத்தில் குணமாகிவிடும் என்றார் மருத்துவர். குழந்தை பள்ளிக்குப் போய்வருகிறாள்.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே இருக்கும் செங்கல் சூளைக்கு இந்தத் தை மாதம் ஒடிசாவிலிருந்து ஐந்து குடும்பங்கள் வந்தன. சிறுமிக்கு நோய் என்று தெரிந்தது பங்குனியில். "இவர்கள் வருவதற்கு முன்னால் இந்தப் பெருவியாதி நம் ஊரில் இருந்ததா?" என்று யாரோ ஒருவர் கேட்கப்போய், இரண்டே நாளில் சூளைக் குடும்பங்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்றாகிவிட்டது. மளிகைக் கடையிலும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். போன வாரம் ஊர்க் கூட்டத்தில், படித்த இளைஞர் ஒருவர், கிருமியின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்தால் அது எந்த ஊர்க் கிருமி, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்றும், வேலூர்ப் பக்கம் அப்படிச் செய்கிறார்கள் என்றும், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்துச் செய்துவிடலாம் என்றும் சொன்னார். கொரோனா காலத்தில் உருமாறிய வைரஸ், எந்த நாட்டிலிருந்து வந்தது என்றெல்லாம் செய்தியில் கேட்டுப் பழகியிருந்ததால் எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. அப்படி ஒரு பரிசோதனை உண்மையில் இருக்கிறதா? இருந்தால் அது என்ன சொல்லும், என்ன சொல்லாது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த கூட்டத்தில் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

---

நுண்ணுயிர்க்காரி

தறிக்காரன் அண்ணா, காசநோய்க் கிருமியோடும் அதன் உறவுக்காரனான தொழுநோய்க் கிருமியோடும் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். அப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது. உங்கள் ஊர்க் கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல அது தேவையும் இல்லை, ஏனென்றால் நாள்காட்டியே பதில் சொல்லிவிடுகிறது. இந்தக் கிருமி ஒரு முறை இரண்டாகப் பெருகுவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதனால் தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து முதல் அறிகுறி தென்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சிலருக்கு ஓர் ஆண்டிலேயே தெரியலாம், சிலருக்கு இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். தையில் வந்தவர்களிடமிருந்து தொற்றிப் பங்குனியில் திட்டு தெரிவது இந்த நோயில் நடக்கக்கூடியதே அல்ல. சராசரிக் கணக்கில் பார்த்தால், அந்தக் குழந்தைக்குள் கிருமி நுழைந்தபோது அவள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பிலோ, அதற்கும் முன்போ இருந்திருப்பாள். கூட்டத்தில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

இனி மரபணுவுக்கு வருகிறேன். நார்வேயின் பெர்கன் நகரில் 1873-இல் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டறிந்தார். அன்றிலிருந்து இன்று வரை எந்த ஆய்வகத்தாலும் இதைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியவில்லை. காசநோய்க் கிருமியைச் சளியிலிருந்து எடுத்து வளர்த்துப் பெருக்கி, வேண்டிய அளவு டி.என்.ஏ. எடுத்துக்கொள்ளலாம். தொழுநோய்க் கிருமிக்கு அந்த வழியே இல்லை. எலியின் பாதத்திலும், அமெரிக்கக் கண்டத்து விலங்கான ஆர்மடில்லோவின் உடலிலும்தான் அது பெருகும். ஆகவே நோயாளியின் தோலிலிருந்தோ மூக்குச் சளியிலிருந்தோ கிடைக்கிற கிருமிகளே மூலதனம். ஒரே ஒரு திட்டு உள்ள குழந்தையின் தோலில் கிருமிகள் மிகச் சொற்பமாகவே இருக்கும். நோய் இருக்கிறதா என்று பார்க்கவே போதாத அளவிலிருந்து வகை பிரித்துச் சொல்ல முற்படுவது, பெரும்பாலும் தொடங்கும்போதே நின்றுபோகும் வேலை.

கிருமி போதுமான அளவு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். 2001-இல் இந்தக் கிருமியின் முழு மரபணு வரிசையும் படித்து முடிக்கப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்ட கிருமி ஒரு தமிழ்நாட்டு நோயாளியிடமிருந்து பெறப்பட்டது. இன்றும் உலகெங்கும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் அந்த மூலத்தின் பெயரே "டி.என்." என்பதுதான். (பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரிவதில்லை.) ஏறத்தாழ 32.7 லட்சம் எழுத்துகள் கொண்ட அந்த வரிசையில் வேலை செய்யும் மரபணுக்கள் 1,600 அளவில்தான் இருந்தன. செத்துப்போன, பயன்படாத மரபணுக்கள் 1,100-க்கு மேல் கிடந்தன. காசநோய்க் கிருமிக்கோ 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள். பாதிக்கு மேல் இடிந்து, குடியிருக்கும் அறைகளை மட்டும் பெருக்கி வைத்துக்கொண்ட பழைய வீடு போன்றது இந்தக் கிருமி. உயிருள்ள உடலுக்கு வெளியே அது வளர மறுப்பதற்கும் இந்தச் சிதைவே காரணமாகக் கருதப்படுகிறது.

உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புடைய செய்தி 2005-இலும் 2009-இலும் வந்தது. தமிழ்நாடு, தாய்லாந்து, பிரேசில், அமெரிக்கா ஆகிய நான்கு இடத்துக் கிருமிகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டபோது, அவை நூற்றுக்கு 99.995 பங்கு ஒன்றாகவே இருந்தன. நான்கு மூலைகளில் கிடந்தும் முப்பத்திரண்டு லட்சம் எழுத்தில் நூற்றைம்பது, நூற்றறுபது எழுத்து வேறுபாடுதான். ஒற்றை எழுத்து மாறியிருக்கும் அந்தச் சில இடங்களை அடையாளமாக வைத்து, 2005-இல் உலகக் கிருமிகளை நான்கு வகையாகவும், 2009-இல் அவற்றைப் பதினாறு உள்வகையாகவும் பிரித்தார்கள். இந்தியாவில் பெரும்பான்மை முதல் வகை, அதிலும் 1டி என்ற உள்வகை. இரண்டாம் வகையும் ஓரளவு உண்டு. ஆகவே சூளைத் தொழிலாளி ஒருவருக்கு நோய் இருந்து, சிறுமியின் கிருமியும் அவருடைய கிருமியும் 1டி என்று வந்தால், இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

கொரோனாவோடு ஒப்பிடுவது ஏன் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வைரஸின் மரபணு முப்பதாயிரம் எழுத்துதான், ஆனால் மாதத்துக்கு இரண்டு எழுத்தாவது மாறிக்கொண்டே இருந்தது. அதனால் இந்த மாதக் கிருமிக்கும் போன மாதக் கிருமிக்கும் வேறுபாடு தெரிந்தது. தொழுநோய்க் கிருமியின் முழு வரிசையிலும் ஓர் எழுத்து மாற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த கிருமியும், பாட்டியின் பக்கத்து ஊர்க்காரரிடம் இருந்த கிருமியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

இதற்காகத்தான் வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். மரபணுவில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் தறிக்காரர் என்பதால் எளிதாகப் புரியும். சேலைக் கரையில் ருத்திராட்சப் பூ வரிசையாக ஓடுவதைப் போன்றது அது. ஒரு கிருமியில் அந்தப் பூ பத்து முறை வந்தால், இன்னொன்றில் பன்னிரண்டு முறை வரும். நகலெடுக்கும்போது தறி ஒரு பூவைத் தவறவிடுவதும் கூட்டிவிடுவதும் ஒற்றை எழுத்து மாறுவதைவிட மிக அடிக்கடி நடப்பதால், அண்டை அயலில் உள்ள கிருமிகளைக்கூட வேறுபடுத்த முடியும். வி.என்.டி.ஆர். என்று இதைச் சொல்வார்கள். தென்னிந்திய நோயாளிகளிடம் இவ்வாறு செய்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்க்கு நோய் இருந்தபோது அவர்களுடைய கிருமிகளின் பூக்கணக்கு ஒத்திருந்தது. வீட்டுக்குள்ளேயே பரவுகிறது என்ற பழைய அறிவுக்கு அது வலுச் சேர்த்தது.

ஆனால் இந்தப் பூக்கணக்கு சில இடங்களில் அளவுக்கு மீறி வேகமாக மாறுகிறது. ஒரே நோயாளியின் உடம்பில் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த கிருமிகளிலேயே எண்ணிக்கை வேறுபட்டிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஓர் உடம்புக்குள்ளேயே மாறுகிற ஒன்றை வைத்து, ஐந்து ஆண்டுக்கு முன் இரண்டு உடம்புகளுக்கு இடையில் நடந்ததை அறுதியிட்டுச் சொல்வது எப்படி? கணக்கு ஒத்திருந்தாலும் திசை தெரியாது. இவரிடமிருந்து அவருக்கா, அவரிடமிருந்து இவருக்கா, இருவருக்கும் மூன்றாமவரிடமிருந்தா என்பதை அது சொல்லாது. கிருமியின் வகை வேறு வேறாக இருந்தால், "இவரிடமிருந்து அவருக்கு வரவில்லை" என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். "இவரிடமிருந்துதான் வந்தது" என்று சொல்ல இயலாது. ஊராரின் பணத்தை இதில் போட வேண்டாம்.

---

பழைய களப்பணி

அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். மரபணு எனக்குத் தெரியாது. ஆனால் எல்லையோரத்தில் தொழுநோய்க் களப்பணியாளராக முப்பது ஆண்டுக்கு மேல் சைக்கிளிலும் பின்பு மொபெட்டிலும் சுற்றியவன் என்பதால் ஒன்றிரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

"அவர்கள் வருமுன் நம் ஊரில் இருந்ததா?" என்று கேட்டவருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். இருந்தது. கூட்டு மருந்து வருவதற்கு முன்னால், டாப்சோன் என்ற ஒரே மருந்தை நம்பியிருந்த காலத்தில், இந்த வட்டாரத்தில் நாங்கள் வைத்திருந்த பதிவேடுகள் கனமானவை. வேலூரில் 1940-களின் இறுதியிலேயே மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள், 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய்க்கென்றே பெரிய மருத்துவ, ஆய்வு நிலையம் எழுந்தது, செங்கல்பட்டில் அதற்கும் முந்தைய மருத்துவமனை ஒன்று இருந்தது என்றால், நோயாளிகள் இல்லாமலா இவ்வளவும் நடந்தன? 1981-இல் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்த பிறகு எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. 2005 கடைசியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை நாடு எட்டியது. "ஒழிந்துவிட்டது" என்று மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஆனால் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது செய்தி எல்லையைப் பற்றியது. திருத்தணி 1960-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது ஊர்கள் பிரிந்தன. உறவுகள் பிரியவில்லை, பெண் கொடுத்து எடுப்பது இன்றைக்கும் இரு பக்கமும் நடக்கிறது. நோயாளிகள் இந்தக் கோட்டைத் தங்களுக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆந்திரப் பக்கத்தார் தமிழ்நாட்டு மருத்துவமனையில் வேறு ஊர்ப் பெயர் கொடுத்து மாத்திரை வாங்குவார்கள், தமிழ்நாட்டுப் பக்கத்தார் ஆந்திரப் பக்கம் வந்து வாங்குவார்கள். சொந்த ஊரில் தெரிந்துவிட்டால் மகளுக்கு வரன் வராது என்ற பயம்தான். இதனால் ஒரு பக்கத்துப் பதிவேடு தெலுங்கிலும் மறுபக்கத்தது தமிழிலும் கிடக்க, ஒரே குடும்பத்தின் நோய் வரலாறு எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக இருக்காது. நீங்கள் மரபணுவில் தேடும் பதில், சரியாக எழுதப்பட்ட ஒரு பழைய பதிவேட்டில் கிடைத்திருக்கலாம். அப்படி ஒன்று இல்லாமல் போனதற்கு என்னைப் போன்றவர்களும் கொஞ்சம் பொறுப்பு. ஊர்ப்பெயர் பொய் என்று தெரிந்தே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

தறிக்காரரே, சிறுமியின் வீட்டாரிடம் நீங்கள் நெருக்கம் என்றால், பழங்கதையாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அந்த வீட்டில் கடந்த பத்து ஆண்டுகளில் ஒன்றாக வாழ்ந்தவர் யாருக்காவது புருவ முடி கொட்டியதா, காது மடல் தடித்ததா, விரல் மடங்கியதா, அடுப்பில் சூடு பட்டும் தெரியாமல் கொப்புளம் வந்ததா என்று கேளுங்கள். "தேமல்", "வாதம்", "சர்க்கரைப் புண்" என்று வேறு பெயர்களில்தான் அது வீட்டுக்குள் இருந்திருக்கும். வீட்டில் உள்ள அனைவரையும் பகல் வெளிச்சத்தில், உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களைப் பெண் பணியாளர்தான் பார்க்க வேண்டும். முகத்தையும் கையையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பரிசோதனையில் அந்தச் சிறுமியின் முதுகுத் திட்டு தப்பியிருக்கும்.

---

பாலாறு

எனக்கு ஒரு முரண்பாடான கருத்து உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த வகைப்பிரிப்பினால் யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, கிருமி போதாது, எழுத்து மாறுவதில்லை, பூக்கணக்கு அளவுக்கு மீறி மாறுகிறது என்றால், இருபது ஆண்டுகளாக இதற்குச் செலவிடுவதைக் காட்டிலும், பெரியவர் சொன்னபடி வீடுவீடாகத் தோலைப் பார்க்கும் பணியாளர்களை நியமித்திருக்கலாமே? நோயாளிக்கு இதனால் கிடைத்தது என்ன?

---

கொழிஞ்சாம்பாறை

பாலக்காட்டு எல்லையிலிருந்து எழுதுகிறேன். ஆந்திர எல்லையில் நடப்பது இங்கேயும் நடக்கிறது. கேரளத்தில் வெளிமாநிலத்தவரை "அதிதித் தொழிலாளி", அதாவது விருந்தினர், என்று மரியாதையாகத்தான் அழைக்கிறார்கள். நோய் என்று வந்துவிட்டால் அதிதி என்ற சொல் மட்டும் மிஞ்சுகிறது. இங்கே "அசுவமேதம்" என்ற பெயரில் வீடுவீடாகத் தொழுநோய் கண்டறியும் இயக்கம் நடத்துகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பணியாளர் எங்களைப் பார்த்ததோடு, பின்கட்டில் வாடகைக்கு இருந்த வடமாநிலத் தொழிலாளர்களையும் விட்டுவிடாமல் பார்த்தார். அவர்களைப் பார்ப்பதே சந்தேகத்தின் அறிகுறி என்று எங்கள் தெருவில் சிலர் எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. எங்கள் வீட்டையும் பார்த்தார்களே என்று கேட்டபோது பதில் இல்லை.

---

நுண்ணுயிர்க்காரி

பாலாறு அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பணியாளர் நியமனமா, ஆய்வா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நானும் பணியாளர் பக்கமே நிற்பேன். ஆனால் "பயனே இல்லை" என்று நான் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. தெருவுக்குள் நடந்த தொற்றைச் சொல்லத்தான் இது திணறுகிறது. வேறு கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், வெளிநாடு எதற்கும் போகாத, நோயாளி எவரோடும் பழகாத சிலருக்குத் தொழுநோய் வந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதியில் காட்டு ஆர்மடில்லோக்களுக்கும் இதே நோய் உண்டு என்பது முன்பே தெரியும். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று 2011-இல் வகை பிரித்துப் பார்த்தார்கள். ஒற்றை எழுத்து வேறுபாட்டையும் பூக்கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, 33 ஆர்மடில்லோக்களில் 28-இலும், அந்த விலங்கு வாழும் பகுதிகளில் குடியிருந்த 39 நோயாளிகளில் 25 பேரிடமும் ஒரே வகைக் கிருமி இருந்தது. அந்த வகை உலகில் வேறெங்கும் அதுவரை கண்டறியப்படவில்லை. அங்கே இந்த முறை வென்றதற்குக் காரணமே அந்த அபூர்வம்தான். ஊரெல்லாம் ஒரே நிறச் சேலை கட்டியிருக்கும்போது, மாறுபட்ட கரை ஒன்று மட்டும் இரண்டு வீட்டுக் கொடியில் காய்ந்தால் கண்ணில் படுமல்லவா? நம் ஊர்களில் எல்லாக் கொடியிலும் 1டி-தான் காய்கிறது. இங்கிலாந்துப் பக்கம் ஒரு தீவில் சிவப்பு அணில்களிடம் 2016-இல் கண்டறிந்த கிருமி, அந்நாட்டின் இடைக்கால எலும்புக்கூடு ஒன்றிலிருந்து எடுத்த கிருமிக்கு மிக நெருக்கமாக இருந்தது. மனிதரிடம் நோய் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அது விலங்கிடம் தங்கியிருந்தது என்பதை வேறு எந்த வழியாலும் அறிந்திருக்க முடியாது.

நோயாளிக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டீர்கள். மருந்து எதிர்ப்பைக் கண்டறிவதுதான் முதன்மையானது. ஒரு நோயாளியின் கிருமிக்கு ரிபாம்பிசின் வேலை செய்யுமா என்று அறிய, முன்பு எலியின் பாதத்தில் கிருமியைச் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் படித்தாலே சில நாள்களில் தெரிகிறது. டாப்சோனுக்கும் ஓஃப்லாக்சசினுக்கும் இப்படியே செய்யலாம். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து ஒருவருக்குத் திரும்ப நோய் வந்தால், பழைய கிருமியே மீண்டும் தலைதூக்கியதா, புதிதாக வேறொரு கிருமி தொற்றியதா என்பதையும் பழைய மாதிரி கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். காது மடலில் கீறி எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவித் தீர்த்துவிடாமல், ஒரு சிறு பங்கை எழுபது விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு வைத்தால் போதும். செலவில்லாத வேலைதான், யாரும் செய்வதில்லை என்பதே என் வருத்தம்.

---

தறிக்காரன்

அனைவருக்கும் நன்றி. கூட்டத்தில் நாள்காட்டிக் கணக்கைச் சொன்னேன். "சராசரியாக ஐந்து ஆண்டு" என்றதும் பலர் மௌனமானார்கள். பணம் வசூலிக்கும் பேச்சு அடங்கிவிட்டது. இளைஞர் மட்டும் விடவில்லை. சூளைக்காரர்கள் இந்த ஆண்டுதான் வந்தார்களா, போன ஆண்டுகளில் வேறு குடும்பங்கள் வரவில்லையா என்று கேட்டார். வந்தார்கள்தான். பதினைந்து ஆண்டாக யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சிறுமியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுக்கப்போவதாக ஏ.என்.எம். அம்மா (எங்கள் ஊர்ச் செவிலியர்) சொல்கிறார். அதை வாங்கிக்கொண்டால் பயம் இல்லையா?

---

நுண்ணுயிர்க்காரி

இளைஞரின் கேள்வி சரியான கேள்வி. முந்தைய ஆண்டுகளில் வந்த ஒருவரிடமிருந்து தொற்றியிருக்க வாய்ப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே அளவுக்கு ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆண்டு முழுவதும் ஒரே கூரையின் கீழ் மூச்சுவிடுகிறவரையும், ஊருக்கு வெளியே ஆறு மாதம் தங்கிப் போகிறவரையும் ஒப்பிட்டால், முன்னவரிடமிருந்தே வாய்ப்பு அதிகம். தொற்றுவதற்கு நீண்ட நாள் நெருக்கம் வேண்டும், அப்போதும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடம்பு இந்தக் கிருமியை இயல்பாகவே வென்றுவிடும். தெருக்குழாயில் குடம் வைப்பதால் எல்லாம் வராது.

மாத்திரையைப் பற்றி: அது ஒரு வேளை ரிபாம்பிசின். வங்காளதேசத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளில் புதிதாக நோய் வருவதை அது 57 விழுக்காடு குறைத்தது. அண்டை வீட்டாரிடமும் பழகியவர்களிடமும் பலன் நன்றாகவே இருந்தது. ஒரே வீட்டு இரத்த உறவினரிடம் அது குறைவு, அவர்களிடம் கிருமி ஏற்கெனவே அதிகம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே வீட்டார் மாத்திரை போட்டுக்கொண்டோம் என்று பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. தொழுநோயோ காசநோயோ ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இதைக் கொடுக்க வேண்டும். சிறுமியின் பெற்றோர் சம்மதித்தால்தான் அவர்களுடைய பெயரைச் சொல்லிப் பிறரை அழைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

பழைய களப்பணி

சூளைக்காரர்களுக்கும் அந்த ஒரு வேளை மாத்திரையும் முழுப் பரிசோதனையும் கிடைக்கும்படி பாருங்கள், தறிக்காரரே. வீட்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் இந்த ஊரிலும் இருக்காது, அவர்களுடைய ஊரில் கணக்கெடுக்கும்போது அவர்கள் இங்கே மண் மிதித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கணக்கெடுப்பிலும் விடுபட்டுப் போகிறவர்கள் அவர்கள். மழை தொடங்குமுன் ஊர் திரும்பிவிடுவார்கள், நாளைக் கடத்த வேண்டாம்.

---

தறிக்காரன்

தாமதமாக எழுதுகிறேன். சித்திரைக் கடைசியில் ஏ.என்.எம். அம்மாவும் ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளரும் சூளைக்குப் போனார்கள். ஒடியா தெரிந்தவர் யாரும் இல்லாததால் சூளை மேஸ்திரிதான் அரைகுறைத் தெலுங்கில் மொழிபெயர்த்தார். ஐந்து குடும்பத்தையும் பார்த்தாகிவிட்டது, யாரிடமும் அறிகுறி எதுவும் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். இதைக் கேட்டபின் தண்ணீர்த் தடை தானாகவே தளர்ந்தது, யாரும் நீக்குவதாக அறிவிக்கவில்லை.

பெரியவர் சொன்னபடி சிறுமியின் வீட்டில் பேச்சுக் கொடுத்தேன். சிறுமியின் தாத்தாவுடைய அண்ணன் ஒருவர், திருத்தணிப் பக்கத்தில் வாழ்ந்து மனைவி போன பிறகு இங்கே வந்து, கடைசி ஆறு ஆண்டுகள் இவர்களோடு இருந்திருக்கிறார். குழந்தை பெரும்பாலும் அவர் மடியில்தான் வளர்ந்தாள். அவருக்கு இரண்டு கை விரலும் மடங்கியிருந்ததாம். வாதம் என்று எண்ணெய் தடவினார்களாம். மூன்று ஆண்டுக்கு முன் இறந்துவிட்டார். அவரிடமிருந்து மாதிரி எதுவும் எங்கும் இல்லை என்பதால், நுண்ணுயிர்க்காரி அம்மா சொன்ன எந்த முறையாலும் இனி எதையும் பார்க்க முடியாது என்பது எனக்கே புரிகிறது. இதை ஊர்க் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. சொன்னால் குழாயடியில் அடுத்த தடை அந்த வீட்டுக்குத்தான்.

வீட்டில் எல்லோரையும் பார்த்ததில் பாட்டியின் முழங்கைக்கு மேலே ஒரு திட்டு சந்தேகமாக இருக்கிறதாம். வியாழக்கிழமை கரிகிரிக்கு அழைத்துப்போகிறோம். கீறி எடுப்பதில் கொஞ்சத்தை ஆல்கஹாலில் போட்டு வைக்க முடியுமா என்று அங்கே கேட்கிறேன்.

---

பழைய களப்பணி

கேளுங்கள். பதியும்போது ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஆந்திர முகவரி இருந்தால் தவறில்லை. வீட்டார் எல்லோரையும் இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும், அதற்கு அந்த முகவரிதான் வேண்டும்.